மெடிக்கல் ரெப் ஆக வேண்டுமா? கோட்டுச்சேரியிலிருந்து தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாலை ஆறரை மணிக்குக் காரைக்காலில் கூட்டம் உள்ள எந்த கிளினிக்குக்குப் போனாலும் அவர்களைப் பார்க்கலாம். ஷூ போட்டு, சட்டையை உள்ளே விட்டு, கனத்த கறுப்புப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, நோயாளிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மணி நேரம் காத்திருந்து உள்ளே போவார்கள், இரண்டு நிமிடத்தில் வெளியே வருவார்கள், அடுத்த கிளினிக்குக்கு வண்டியைக் கிளப்புவார்கள்.

கோட்டுச்சேரியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் டிகிரி முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளின் கண்ணில் இந்த வேலை தினமும் படுகிறது. எப்படி நுழைவது என்றுதான் தெரிவதில்லை. சென்னைக்குப் போக வேண்டும், இங்கிலீஷ் சரளமாக வர வேண்டும், உள்ளே ஆள் தெரிந்திருக்க வேண்டும் என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள், பிள்ளைகளும் ஒதுங்கிவிடுகிறார்கள். இந்த மூன்றும் இல்லாமல் நுழையலாம். வேண்டியது வேறு: படிக்கும் பழக்கம், கணக்கில் கவனம், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மை.

முதலில் வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

சோப்பையும் பிஸ்கட்டையும் போல எல்லா மருந்தையும் டிவியில் விளம்பரம் செய்ய முடியாது. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு உள்ளிட்ட பல நோய்களுக்கு மருந்து என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் தடுக்கிறது. மருத்துவருக்கு மட்டும் தனியாகத் தெரிவிக்கும் தகவலுக்கு அதே சட்டம் விலக்குத் தருகிறது. அந்த விலக்கின் வழியாக நடப்பதுதான் ரெப்பின் வேலை. கம்பெனியின் மருந்தைப் பற்றி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் எழுதினால் அந்த மருந்து கடையில் கிடைக்க வேண்டும், கடைக்கு அதைக் கொடுக்க ஸ்டாக்கிஸ்ட்டிடம் சரக்கு இருக்க வேண்டும். இந்த மூன்று இடத்தையும் ஒரே ஆள் கவனிக்கிறார்.

அரசு மருத்துவமனைகளின் கதை வேறு. தமிழ்நாட்டில் 1994-இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் வைத்து மொத்தமாக வாங்குகிறது. 2025 மே இறுதியில், மத்திய அரசு மருத்துவமனை வளாகங்களுக்குள் ரெப்கள் மருத்துவர்களைச் சந்திக்கக் கூடாது என்று உத்தரவும் வந்தது. ஆகவே புதிதாக வருபவரின் பிழைப்பு பெரும்பாலும் தனியார் கிளினிக்குகளிலும் நர்சிங் ஹோம்களிலும்தான்.

படிப்பு

பி.பார்ம்., டி.பார்ம். இருந்தால் நல்லது. வேதியியல், விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல் போன்ற பி.எஸ்சி. பட்டங்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. காரைக்காலில் அறிஞர் அண்ணா அரசுக் கல்லூரியிலோ அவ்வையார் மகளிர் கல்லூரியிலோ அறிவியல் படித்தவர்கள் தயங்க வேண்டாம். வேறு பட்டம் பெற்றவர்களை எடுக்கும் கம்பெனிகளும் உண்டு. ஆனால் உடலியல் பாடத்தைச் சொந்தமாகப் படித்துப் பிடித்தால்தான் அவர்களால் தாக்குப்பிடிக்க முடியும். டூவீலர் லைசென்ஸை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

மருந்துக்கடையில் ஆறு மாதம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு யோசனையைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் போடுவதற்கு முன் தெரிந்த மருந்துக்கடை ஒன்றில் உதவியாளராகச் சேருங்கள். மருந்தை எடுத்துக் கொடுப்பது பார்மசிஸ்ட் மேற்பார்வையில் நடக்க வேண்டிய வேலை. நீங்கள் பில் போடலாம், சரக்கு அடுக்கலாம், எக்ஸ்பைரி தேதி பார்க்கலாம்.

ராக்கில் மாத்திரை அடுக்கும்போதே பாதிப் பாடம் முடிந்துவிடும். ஒரே டெல்மிசார்டன் எத்தனை பெயர்களில் வருகிறது, ஒவ்வொன்றும் என்ன விலை, எது வேகமாகப் போகிறது, எது தூசி படிந்து கிடக்கிறது என்பதைக் கை சொல்லிக்கொடுக்கும். மாலையில் சீட்டுகள் வரும். ஒரு டாக்டர் சர்க்கரைக்கு எப்போதும் ஒரே பிராண்டைத்தான் எழுதுகிறார், இன்னொருவர் நோயாளியின் வசதியைப் பார்த்து மாற்றி எழுதுகிறார் என்பது புரியும். ஷெட்யூல் எச்1 மருந்தை விற்றால் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதை எழுதுபவரின் பக்கத்தில் நின்று பாருங்கள்.

ரெப்கள் கடைக்கு வந்து பேசுவதையும் கவனியுங்கள். கூட்டம் இல்லாத நேரமாக, பதினோரு மணிக்கு மேல் வருவார்கள். நல்ல ரெப் முதலில் கடைக்காரரின் குறையைக் கேட்பார்: "அண்ணே, போன மாசம் சொன்ன எக்ஸ்பைரி சரக்கு ரிட்டர்ன் ஆயிடுச்சா?" அதற்குப் பிறகுதான் நோட்டை எடுத்து, எந்த டாக்டரின் சீட்டில் எந்த பிராண்ட் வருகிறது என்று விசாரிப்பார். இதை ஆர்.சி.பி.ஏ. என்பார்கள். எக்ஸ்பைரியைத் தீர்த்துக் கொடுக்காத ரெப்புக்குக் கடைக்காரர் சரியான எண்ணிக்கையைச் சொல்வதே இல்லை.

34-ம் 33-ம்: ஊரை வரைந்து பாருங்கள்

நம் ஊர் புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால் இங்குள்ள ரெப்புக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வடக்கே பூவம் தாண்டி நண்டலாற்றைக் கடந்தால் தமிழ்நாடு. தெற்கே வாஞ்சூர் தாண்டினாலும் தமிழ்நாடுதான். கோட்டுச்சேரிக் கடையின் ஜி.எஸ்.டி. எண் 34 என்று தொடங்கும், பொறையார்க் கடையின் எண் 33 என்று தொடங்கும். மருந்து உரிமம் தரும் துறையும் இங்கே புதுச்சேரியுடையது, அங்கே தமிழ்நாட்டுடையது. மயிலாடுதுறை ஸ்டாக்கிஸ்ட் கோட்டுச்சேரிக்குச் சரக்கு அனுப்பினால் அது மாநிலம் கடந்த விற்பனை, பில்லே வேறு மாதிரி வரும். நோயாளிகளுக்கு இந்தக் கோடு கிடையாது. தரங்கம்பாடிக்காரர் காரைக்காலில் டாக்டரைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போய் மருந்து வாங்குவார். காரைக்கால் டாக்டர் எழுதிய மருந்து பொறையாரில் இல்லையென்றால் அந்தச் சீட்டு வேறு பிராண்டுக்குப் போய்விடும்.

ஆகவே ஒரு பெரிய தாளில் கையாலேயே வரைபடம் போடுங்கள். காரைக்கால், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம். கோட்டுச்சேரி கொம்யூனிலேயே கீழகாசாக்குடியில் விநாயகா மிஷன் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஜிப்மர் 2016 முதல் காரைக்காலில் மருத்துவப் படிப்பு நடத்துகிறது. ஆற்றுக்கு அப்பால் தரங்கம்பாடி, பொறையார், மயிலாடுதுறை. எந்த டாக்டர் எந்த நேரம் பார்க்கிறார், எந்தக் கிழமை விடுமுறை, எந்தக் கடைக்கு எந்த ஸ்டாக்கிஸ்ட் என்று குறியுங்கள். சனிக்கிழமை திருநள்ளாற்றுக் கூட்டத்தில் வண்டி நகராது என்பதையும், மாங்கனித் திருவிழா நாளில் காரைக்கால் கடைத்தெரு எப்படி இருக்கும் என்பதையும் வெளியூர் மேனேஜர் அறிய மாட்டார், நீங்கள் அறிவீர்கள். நேர்முகத் தேர்வில் இந்தத் தாளை எடுத்து மேசையில் வையுங்கள். பத்துப் பக்க பயோடேட்டாவைவிட அது அதிகம் பேசும்.

மருந்தைப் படிக்கும் முறை

பத்து மருந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டெல்மிசார்டன், அம்லோடிபின், அட்டோர்வாஸ்டேட்டின், பான்டபிரசோல், அமாக்சிசிலின், அசித்ரோமைசின், பாராசிட்டமால், செட்ரிசின். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எதற்குத் தருவது, உடம்பில் என்ன செய்கிறது, என்ன அளவு, யாருக்குத் தரக்கூடாது, என்ன பக்கவிளைவு என்று எழுதுங்கள். அம்லோடிபின் சாப்பிடும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். டெல்மிசார்டனைக் கர்ப்பிணிகளுக்குத் தரக்கூடாது. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு மெட்ஃபார்மின் ஆகாது. கம்பெனி தரும் வண்ணப் புத்தகத்தில் நன்மைகள் பெரிய எழுத்தில் இருக்கும். இவற்றை நீங்களாகத்தான் தேடிப் படிக்க வேண்டும்.

வேலை தேடுவது

வேலைவாய்ப்புத் தளங்களில் விண்ணப்பம் போடுங்கள், தவறில்லை. ஆனால் காலியிடத்தை முதலில் அறிபவர் ஸ்டாக்கிஸ்ட்தான். ஒரு ரெப் வேலையை விட்டுப் போனால் மேனேஜர் அவரிடம்தான், "நல்ல பையன் யாராவது இருக்கானா?" என்று கேட்பார். கடையில் வேலை பார்த்த ஆறு மாதத்தில் ஸ்டாக்கிஸ்ட்டுக்கு உங்கள் பெயர் தெரிந்திருக்கும். கிளினிக் வாசலில் காத்திருக்கும் மூத்த ரெப்களிடமும் பேசுங்கள்.

பெண் பிள்ளைகளும் வரலாம். இரவு ஒன்பது மணிவரை கிளினிக்கில் நிற்க வேண்டியிருக்கும் என்பதால், வெளியூர்ப் பயணம் எத்தனை நாள், தங்க வேண்டுமா என்பதை முதலிலேயே கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

டாக்டர் முன் இரண்டு நிமிடம்

"இந்தப் பேனாவை எனக்கு விற்றுக்காட்டு" என்று நேர்முகத்தில் கேட்கலாம். கிளினிக்கில் நடப்பது அப்படிப்பட்டதில்லை. நாற்பது பேரைப் பார்த்துக் களைத்திருக்கும் மருத்துவரிடம் நீங்கள் பேசப் போகிறீர்கள். வணக்கம், பெயர், கம்பெனி. பிறகு ஒரே மருந்து, ஒரே செய்தி. "சார், உங்ககிட்ட வர்ற பிரஷர் பேஷண்ட்ல அம்லோடிபின் குடுத்து கால் வீக்கம்னு திரும்பி வர்றவங்க இருப்பாங்க. அவங்களுக்காக இதைச் சொல்ல வந்தேன்." தமிழில் பேசுங்கள். மருந்துப் பெயரும் நோய்ப் பெயரும் மட்டும் பிசகில்லாமல் வர வேண்டும். இங்கிலீஷுக்குப் பயந்து வராமல் போனவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

டாக்டர் குறுக்குக் கேள்வி கேட்பார்: "கிட்னி ப்ராப்ளம் இருந்தா?" பதில் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "சரியாத் தெரியல சார், நாளைக்குக் கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லி, மறுநாளே போய்ச் சொல்லுங்கள். நீங்கள் சமாளித்துச் சொல்லும் ஒரு தப்பான பதில், யாரோ ஒருவர் வீட்டுத் தாத்தாவின் சீட்டில் போய் விழும்.

கணக்கு

கம்பெனி ஸ்டாக்கிஸ்ட்டுக்கு விற்பது பிரைமரி, ஸ்டாக்கிஸ்ட் கடைகளுக்கு விற்பது செகண்டரி. மாதத் தொடக்கத்தில் ஸ்டாக்கிஸ்ட்டிடம் 100 ஸ்ட்ரிப் இருந்தது, கம்பெனியிலிருந்து 200 வந்தது, கடைசியில் 120 மிச்சம் என்றால் 180 விற்றிருக்கிறது. அந்த 180-தான் உங்கள் உழைப்பு. 200-ஐக் காட்டி டார்கெட் முடித்துவிட்டேன் என்று மகிழ்ந்தால் அடுத்த மாதம் கையைக் கடிக்கும்.

மாதக் கடைசியில் டார்கெட்டுக்காகச் சரக்கை ஸ்டாக்கிஸ்ட் தலையில் கட்டும் பழக்கம் இந்தத் தொழிலின் பெரிய நோய். அதைவிட மோசம், குறைகிற தொகைக்குத் தன் சொந்தப் பணத்தில் மருந்து வாங்கி வீட்டில் அடுக்குவது. தம்பி, தங்கைகளே, எந்த மேனேஜர் சொன்னாலும் இதைச் செய்யாதீர்கள். ஒரு முறை செய்தால் ஒவ்வொரு மாதமும் செய்ய வேண்டிவரும்.

பரிசு கொடுத்து விற்கலாமா?

கூடாது. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரி 22 அன்று தீர்ப்பளித்தது. மருத்துவர்களுக்குத் தந்த இலவசங்களைத் தொழில் செலவாகக் காட்டி வரிக்கழிவு கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது. 2024 மார்ச் 12 அன்று மத்திய அரசு மருந்து விற்பனைக்கான ஒரே சீரான நெறிமுறையை வெளியிட்டது. அதன்படி மருத்துவருக்கோ குடும்பத்தாருக்கோ பரிசு தரக்கூடாது. மருத்துவரைச் சந்திக்கப் பணம் தரக்கூடாது. ஒரு மருந்தின் சாம்பிள் ஒரு மருத்துவருக்கு ஆண்டுக்கு 12 பொதிகளுக்கு மேல் போகக்கூடாது. எந்த மருந்தையும் மொட்டையாகப் 'பாதுகாப்பானது' என்று சொல்லக்கூடாது. வேலைக்குச் சேரும் முன்பே இந்த நெறிமுறையை முழுதாகப் படித்துவிடுங்கள். தவறு நடந்தால் கம்பெனி பொறுப்பு என்கிறது நெறிமுறை. ஊரில் கெடும் பெயர் உங்களுடையது.

கையெழுத்துப் போடும் முன்

நியமனக் கடிதம் இல்லாமல் ஒரு நாள்கூட ஃபீல்டுக்குப் போகாதீர்கள். ரெப்களுக்கென்றே 1976-இல் வந்த விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. அந்தச் சட்டத்தை உள்வாங்கிய 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் நியமனக் கடிதத்தைக் கேட்கிறது. கடிதத்தில் மூன்றைப் பாருங்கள். தலைமையிடம் எது, காரைக்காலா, மயிலாடுதுறையா, கும்பகோணமா? தினப்படியும் பயணப்படியும் அதைப் பொறுத்தே அமையும். நிலையான சம்பளம் எவ்வளவு? இன்சென்டிவை வீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது வந்தால் வந்தது. வேலையை விட எத்தனை நாள் நோட்டீஸ்? ரெப்களுக்கு 1963-இலிருந்து அகில இந்தியச் சங்கக் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது, எஃப்.எம்.ஆர்.ஏ.ஐ. என்பார்கள். சேர்ந்த முதல் மாதமே உங்கள் பகுதிச் சங்கத்தைத் தேடிப் போங்கள். சம்பளம் நிலுவையானாலும் திடீரென்று ராஜினாமா எழுதச் சொன்னாலும் பேச ஆள் வேண்டும்.

நாளைக் காலை பதினோரு மணிக்கு, கூட்டம் குறைந்த நேரத்தில், தெரிந்த மருந்துக்கடைக்குப் போய், "அண்ணே, ஆறு மாசம் கூட நின்னு வேலை கத்துக்கலாமா?" என்று கேளுங்கள். கையோடு ஒரு நோட்டு எடுத்துப் போங்கள்.