பாணன் போன வழியை வரைபடத்தில் வரைவது எப்படி?

புதுச்சேரியை அடுத்த பிள்ளைச்சாவடியில் பேருந்து ஏறிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள் வரும். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்தப் பகுதிதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கிருந்து மேற்கே திண்டிவனம். பாணன் பரிசு பெற நாடிப் போகும் அரசன் நல்லியக்கோடனின் ஊரான கிடங்கில் இன்று அந்த நகரத்தின் ஒரு பகுதி. சங்கப் பாட்டு ஒன்று நம் பிள்ளைகளுக்கு இத்தனை அருகில் கிடக்கிறது. அதை வகுப்பில் காட்ட ஒரு கணினியும் இணையமும் இலவசமான ‘கூகுள் மை மேப்ஸ்’ஸும் போதும்.

முதல் வேலை கணினியில் இல்லை, பாட்டில். 269 அடிகளையும் ஒரேயடியாக எடுக்காமல், எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் ஆகிய நான்கு ஊர்களும் வரும் பகுதியை மட்டும் நான்கு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். அங்கே யார் வாழ்கிறார்கள், பாணனுக்கு என்ன சாப்பாடு கிடைக்கிறது என்று அடி எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். கடற்கரையில் சுட்ட குழல்மீன், எயினர் வீட்டில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், உழவர் வீட்டில் நண்டுக் கலவையோடு வெண்சோறு. நிலம் மாற மாற உணவும் மாறுவதை மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்து, கூகுள் ஷீட்டில் ஓர் அட்டவணை: இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, அடி எண், மக்கள், உணவு, உறுதி, ‘ஏன் இங்கே?’. கணினியில் கூகுள் மேப்பைத் திறந்து, வேண்டிய இடத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் இரண்டு எண்கள் தெரியும். முதலில் வருவது அட்சரேகை. நம் பக்கத்தில் அது 12-ஐ ஒட்டியும் தீர்க்கரேகை 79-ஐ ஒட்டியும் இருக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டால் புள்ளி ஆர்க்டிக்கில் சுவால்பார்டு தீவுகளில் போய் விழும்.

பெயரைத் தேடல் பெட்டியில் தட்டிப் புள்ளி வைக்க மட்டும் விடாதீர்கள். ‘வேலூர்’ என்று தேடினால் கோட்டை உள்ள பெரிய வேலூர் வந்து நிற்கும். பாட்டின் வேலூரை உப்புவேலூர் என்றும் ஆமூரை நல்லாமூர் என்றும் சொல்வதுண்டு. இங்கேதான் ‘உறுதி’ என்ற பத்திக்கு வேலை. கிடங்கிலுக்குப் பச்சை, எயிற்பட்டினத்துக்கு மஞ்சள், மற்ற இரண்டுக்கும் சிவப்பு. என்னைக் கேட்டால், பாடத்தின் உயிரே இந்த நிறங்கள்தான். வரைபடம் எதையும் ஐயமில்லாமல் சொல்வதுபோலத் தோன்றும். ஐயத்தையும் அதில் குறிக்கப் பிள்ளைகள் பழக வேண்டும்.

இனி மை மேப்ஸில் புதிய வரைபடம் தொடங்கி, ‘இறக்குமதி’ வழியாக அட்டவணையை ஏற்றுங்கள். எந்தப் பத்திகளில் இடக் குறிப்பு இருக்கிறது, எது தலைப்பு என்று கேட்கும்; காட்டிவிட்டு, ‘உறுதி’ பத்தியின்படி நிறம் பிரியுமாறு அமையுங்கள். கைபேசியில் பார்க்கலாம், திருத்துவதற்குக் கணினியே வேண்டும். ஊர்களை இணைக்க வண்டி வழி காட்டும் வசதி வேண்டாம். அது இன்றைய தார்ச்சாலையைப் போட்டுவிடும். கோடு வரையும் கருவியால் கையாலேயே இழுங்கள். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் சுமார் 35 கி.மீ. சிறிய யாழும் சுற்றமுமாக நடக்கும் பாணனுக்கு எத்தனை பொழுது ஆகும் என்று கணக்கிடச் சொல்லுங்கள்.

கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கும் வசதியும் உண்டு. பிள்ளைச்சாவடிக் கரையை ஆண்டு ஆண்டாக நகர்த்திக் காட்டுங்கள். கடல் அரிப்பைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். சில ஆண்டுகளிலேயே கரை இப்படி மாறுமென்றால், எயிற்பட்டினத்துக் கரை அன்று எங்கே இருந்திருக்கும் என்ற கேள்வியை அவர்களே கேட்பார்கள்.

ஒரு வரைபடத்தில் 10 அடுக்குகள் வரை சேர்க்கலாம். மீதி அடுக்குகளில் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியின் தெருக்களையும், பிரபஞ்சனின் ‘வானம் வசப்படும்’ நாவலின் இடங்களையும் வைக்கலாம்.

மதிப்பெண் போடும்போது பாதியை ‘ஏன் இங்கே?’ என்ற பத்திக்கு ஒதுக்குங்கள். பாட்டின் அடியைக் காட்டிக் காரணம் எழுதியவருக்கு, புள்ளி இடம் தவறியிருந்தாலும் அந்தப் பாதியை முழுதாகக் கொடுங்கள்.