வீட்டு வரி ஏறிப்போச்சு, ஆளுக்கு இருநூறு!
கூட்டாகத் தங்கும் வாடகை வீட்டில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

2022 கோடையில் பெரம்பலூர் துறையூர் சாலைப் பக்கம் நாங்கள் ஐந்து பேர் ஒரு தனி வீட்டை எடுத்துத் தங்கியிருந்தோம். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். உள்ளே வரவில்லை, வண்டியை அணைக்கவும் இல்லை. "தம்பி, கவர்மெண்டுல வீட்டு வரிய ஏத்திப்புட்டாங்க. அடுத்த மாசத்துலேர்ந்து ஆளுக்கு எரநூறு சேத்துக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கொடுத்தோம். வரி என்று சொன்னால் யார் எதிர்த்துக் கேட்பார்கள்? மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் பதினோரு மாதம் கொடுத்தோம்.

கரண்டு ரீடிங் எடுக்க வந்தவருக்காக ஒரு நாள் மீட்டர் பெட்டியைத் திறந்தபோது, வெள்ளை மின்வாரிய அட்டைக்குள் பழைய சொத்து வரி ரசீது ஒன்று மடித்து வைத்திருந்தது. அரையாண்டு வரி ரூ.1,640. அதில் இருந்த வரி விதிப்பு எண்ணை வைத்து இணையத்தில் பார்த்தால் புதிய வரி ரூ.2,460. ஆறு மாதத்துக்கு ஏறியது 820 ரூபாய். மாதத்துக்கு 137, ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 27 ரூபாய். நாங்கள் கொடுத்தது இருநூறு.

அவர் பொய் சொல்லவில்லை. வரி உண்மையிலேயே ஏறியிருந்தது. 2008க்குப் பிறகு 2022 ஏப்ரலில்தான் நகராட்சிகளில் பொதுச் சீராய்வு வந்தது. குடியிருப்புகளில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் உயர்ந்தது. எங்கள் வீடு ஆயிரம் சதுர அடி சொச்சம், அதனால் 50 சதவீதம். ஏறியது எவ்வளவு என்று மட்டும் நாங்கள் கேட்கவில்லை. கீழே வருவதெல்லாம் அந்தப் பதினோரு மாதத்தில் கற்றது, அதற்குப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது.

செய்ய வேண்டியவை

வீடு யார் எல்லையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். துறைமங்கலமும் எளம்பலூர் சாலையின் டவுன் பக்கமும் நகராட்சி. அதே சாலையில் இன்னும் கொஞ்சம் தூரம் போனால் ஊராட்சி. அரியலூரில் செந்துறை சாலை, ஜெயங்கொண்டம் சாலைகளிலும் இதே கதைதான். குரும்பலூர், அரும்பாவூர், பூலாம்பாடி, லெப்பைக்குடிக்காடு, உடையார்பாளையம் எல்லாம் பேரூராட்சிகள். பேச்சில் எல்லாமே "வீட்டு வரி"தான். ஆனால் நகராட்சியிலும் பேரூராட்சியிலும் அது சொத்து வரி, அரையாண்டுக்கு ஒரு முறை. கிராம ஊராட்சியில் அது 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி வாங்கும் வீட்டு வரி. அதோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் சேரும். ஊராட்சி ரசீதைப் பார்த்துவிட்டு "இது என்ன புதுசா நூலக வரி" என்று வீட்டுக்காரரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். அது 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின் வழி வந்தது.

குடிபோகும் அன்றே எழுதி வாங்குங்கள். சொத்து வரி கட்டடத்தின் மேல் விதிப்பது, அதைக் கட்ட வேண்டியவர் உரிமையாளர். குடிநீர்க் கட்டணம், பாதாள சாக்கடைக் கட்டணம், குப்பைக் கட்டணம் ஆகியவற்றின் பில்லும் அவர் பெயரில்தான் வரும். ஆனால் தண்ணீரைக் குடிப்பதும் குப்பையைப் போடுவதும் நாம். ஆகவே இவற்றை வாடகையோடு சேர்த்துக்கொள்வதா, தனியாகக் கட்டுவதா என்பது பேச்சைப் பொறுத்தது. பேசியதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள்: "சொத்து வரி உரிமையாளர் பொறுப்பு. குடிநீர்க் கட்டணம் பில் தொகைப்படி குடியிருப்போர் பொறுப்பு." "பில் தொகைப்படி" என்ற இரண்டு சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்களிடம் அந்த இரண்டு சொல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

நகர்ப் பகுதிகளில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும், அதைப் பதிவும் செய்ய வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வேறு உடன்பாடு இல்லையென்றால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பதும் அதில்தான் வருகிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தாலும் சொல்லி வையுங்கள், பேரம் பேசவாவது உதவும்.

வரி விதிப்பு எண்ணைக் கேட்டுக் குறித்து வையுங்கள். எண் கையில் இருந்தால் நகராட்சிகளின் இணையதளத்திலேயே நிலுவையைப் பார்க்கலாம். ஊராட்சிகளுக்கும் இப்போது இணைய வசதி இருக்கிறது. பழைய ரசீதின் நகல் ஒன்றைத் தரச் சொல்லுங்கள். "ரசீதைக் கொடுத்தால் வீடு அவன் பேருக்குப் போய்விடும்" என்று பயப்படும் பெரியவர்கள் நம் பக்கம் இன்னும் உண்டு. வரி ரசீது யார் கையில் இருந்தாலும், யார் பணம் கட்டினாலும், பதிவேட்டில் உள்ள பெயரில்தான் அச்சாகும். அது சொத்துக்குப் பத்திரமும் ஆகாது. இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் பெரும்பாலானவர்கள் தந்துவிடுகிறார்கள்.

"வரி ஏறிப்போச்சு" என்று கேட்டதும் வகுத்துப் பாருங்கள். புதிய வரியிலிருந்து பழைய வரியைக் கழியுங்கள். ஆறால் வகுங்கள், பிறகு ஆள் கணக்கால் வகுங்கள். மூன்று வரிக் கணக்குதான். சீராய்வுக்குப் பின் ஆண்டுதோறும் சிறு உயர்வுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது, எனவே இந்தப் பேச்சு இனி அடிக்கடி வரும். வீட்டுக்காரர் வாடகையைக் கூட்ட நினைத்தால் கூட்டட்டும், அது வேறு பேச்சு. அதற்கு ஒப்பந்தம் இருக்கிறது. வரியின் பெயரைச் சொல்லிக் கூட்டுவதுதான் கூடாது.

நோட்டீஸ் உங்கள் வாசலுக்கு வந்தால் பதற வேண்டாம், ஒதுக்கியும் போட வேண்டாம். வீட்டுக்காரர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பது பெரம்பலூர், அரியலூர் என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் சகஜம். பில் கலெக்டருக்கு அவர் முகம் தெரியாது, உங்கள் முகம்தான் தெரியும். நிலுவை நீண்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்பார்கள், குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையப்போவது நீங்கள். நோட்டீஸைப் படம் எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் நீங்களே கட்டிவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ள வழி உண்டு. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது: உரிமையாளர் கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டு, அது குடியிருப்பவரிடமோ சொத்தின் மீதோ வசூலிக்கக்கூடியதாக இருந்தால், குடியிருப்பவர் கட்டி வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். கழிக்கும் முன் "இன்ன தேதி ரசீதுப்படி இவ்வளவு கட்டினேன், இந்த மாத வாடகையில் கழிக்கிறேன்" என்று ஒரு தகவல் போடுங்கள். சொல்லாமல் கழித்தால் நியாயமும் சண்டையாகிவிடும்.

ஒத்திக்கு வந்தவர்கள் தனியாகப் படியுங்கள். மூன்று லட்சம், நான்கு லட்சம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருக்கும் ஒத்தி, போக்கியம் நம் பக்கம் நிறைய. அங்கே கணக்கு தலைகீழாக மாறலாம். சுவாதீன அடமானமாக எழுதிய பத்திரத்தில் வேறு ஏற்பாடு சொல்லாவிட்டால், சொத்தின் வருமானத்திலிருந்து வரி முதலான பொதுக் கட்டணங்களைக் கட்ட வேண்டியவர் அனுபவித்துக்கொண்டிருப்பவர், அதாவது பணம் கொடுத்த நீங்கள். அதே சட்டத்தின் 76ஆம் பிரிவு. ஒத்திப் பத்திரத்தில் "வரி யார்?" என்ற வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

உங்கள் பெயரில் வரும் வரியைக் கட்டிவிடுங்கள். ஆலையிலோ ஆஸ்பத்திரியிலோ பள்ளியிலோ சம்பளம் வாங்கினால் அரையாண்டுக்கு ஒரு முறை தொழில் வரி பிடிப்பார்கள். அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேல் படிப்படியாக ஏறும், ஆனால் ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது. வீட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அறைத் தோழன் ஒருவன் "வீட்டு வரிதான் சம்பளத்திலேயே பிடிக்கிறாங்களே" என்று வெகுநாள் வாதாடிக்கொண்டிருந்தான்.

செய்யக்கூடாதவை

ரசீது இல்லாமல் "வரிப் பணம்" கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஜிபேயில், "குடிநீர்க் கட்டணம், ஏப்ரல்–செப்டம்பர்" என்று குறிப்பு எழுதி அனுப்புங்கள். வாடகைக்கு ரசீது கேட்பது உங்கள் உரிமை.

கோபத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள். வரித் தகராறு வேறு, வாடகைப் பாக்கி வேறு. வாடகையை நிறுத்தினால் காலி செய்யச் சொல்வதற்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுக்கிறீர்கள். வீட்டுக்காரர் வாங்க மறுத்தால் நகர்ப் பகுதியில் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். தகராறைச் சாக்கிட்டு வீட்டுக்காரர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினாலும் புகார் கொடுக்க வேண்டிய இடம் அதுதான். அத்தியாவசியச் சேவையைத் தடுக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

ஒருவர் பெயரில் ஒப்பந்தம் போட்டு நான்கு பேரை உள்ளே சேர்க்காதீர்கள். எழுத்தில் சம்மதம் இல்லாமல் உள்வாடகை விடுவது சட்டப்படி தவறு. அதைவிட நடைமுறைச் சிக்கல்தான் பெரிது. கையெழுத்துப் போட்டவனிடம்தான் எல்லாப் பாக்கியையும் கேட்பார்கள். செமஸ்டர் முடிந்ததும் மற்ற நால்வரும் பஸ் ஏறியிருப்பார்கள். எல்லோர் பெயரையும் எழுதுங்கள். யாராவது நடுவில் கிளம்பினால் அன்றைய தேதி வரை கணக்கை முடித்து அனுப்புங்கள். மளிகைக் கடை நோட்டு மாதிரி ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

முந்தைய ஆட்களின் பாக்கியைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். குடிபோன தேதிக்கு முந்தைய நிலுவை எவ்வளவு என்று சாவி வாங்கும் முன்பே பாருங்கள்.

கரண்டு பில்லை வரியோடு குழப்பாதீர்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஓர் இணைப்புக்கு, ஓர் ஆளுக்கு அல்ல. ஒரே மீட்டரில் மூன்று போர்ஷன் ஓடினால் அந்த நூறு மூன்றாகப் பிரியும், பில் மேல் படிக்கு ஏறும். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று மொத்தமாக ஒத்துக்கொள்ளாமல், பில்லைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

"இது ஹாஸ்டல், அதனால் வணிக வரி" என்பதை அப்படியே நம்பாதீர்கள். பெண்கள் விடுதிகளை வணிகக் கட்டடமாகக் கருதிச் சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் மின் கட்டணமும் வாங்கக் கூடாது என்று 2025ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மகளிர் விடுதி என்றால் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேட்பது அதைவிட முக்கியம்.

இங்கத்திய பழக்கத்தை இங்கிலாந்துக்கு எடுத்துப் போகாதீர்கள். அங்கே படிக்கப் போகும் பிள்ளைகளுக்காக இது. அங்குள்ள வீட்டு வரியான கவுன்சில் டாக்ஸ் பொதுவாகக் குடியிருப்பவர் தலையில்தான் விழும். வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் விலக்கு உண்டு, அதற்குப் பல்கலைக்கழகச் சான்று காட்ட வேண்டும். ஒருவர் முழுநேர மாணவராக இல்லாமல் போனாலும் பில் வந்துவிடும். ஒரே ஒப்பந்தத்தில் கூட்டாக எடுத்த வீட்டில் கணக்கில் வரும் எல்லோருமே முழுத் தொகைக்கும் பொறுப்பு. அறை அறையாகத் தனித்தனி ஒப்பந்தத்தில் விட்ட வீட்டில் மட்டும் பெரும்பாலும் உரிமையாளர் பொறுப்பு. லண்டனில் அறை பார்க்கும்போது "பில்ஸ் உட்பட" என்பதில் கவுன்சில் டாக்ஸ் சேருமா என்று கேட்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர்களுக்கும் கொஞ்சம்

அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் சொத்து வரியில் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் கூடும். வருமான வரிக் கணக்கில் வாடகை வருமானத்திலிருந்து சொத்து வரியைக் கழிக்கலாம், ஆனால் உரிமையாளர் தாமே கட்டியிருந்தால்தான். பையன்களைக் கட்டச் சொன்னால் அந்தக் கழிவு உங்களுக்குக் கிடையாது.

எங்கள் வீட்டுக்காரரிடம் கணக்கைக் காட்டியபோது வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சும்மா ஒரு ரவுண்டா சொன்னேன்பா" என்றார். கூடுதலாகக் கொடுத்தது திரும்பி வரவில்லை. அடுத்த மாதத்திலிருந்து ஆளுக்கு முப்பது ரூபாய் வாங்கினார், அக்டோபரில் கட்டிய ரசீதை வாட்ஸ்ஆப்பில் தானாகவே அனுப்பினார்.