பதினெட்டு வயதில் ஒரு மதிப்பீடு

வங்கிக்கு வருபவரிடம் 'டிராஃப்ட்' என்று சொன்னால் வரைவோலைதான் அவர் நினைவுக்கு வரும். வட அமெரிக்காவில், குறிப்பாக ஜூன் மாத இறுதியில், அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. நேஷனல் ஹாக்கி லீக் என்னும் தொழில்முறைப் பனி ஹாக்கி அமைப்பைச் சேர்ந்த 32 அணிகள், பதினெட்டு வயதை ஒட்டிய இளைஞர்களை ஒருவர்பின் ஒருவராகப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி அது. இங்கே ஹாக்கி என்று நாம் குறிப்பிடுவது திடலில் ஆடப்படும் நம் நாட்டு ஆட்டத்தை அன்று. பனித்தளத்தில் சறுக்குக் காலணி அணிந்து, பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் ரப்பர் வில்லையை அடித்து ஆடும் ஆட்டத்தையே குறிப்பிடுகிறோம்.

வங்கி இதழில் இதற்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். கல்விக் கடன் விண்ணப்பத்தோடு வரும் மாணவருக்கு வருமானச் சான்று கிடையாது. கடன் வரலாறும் கிடையாது. அவருடைய மதிப்பெண், சேரவிருக்கும் கல்லூரி, படிப்பு ஆகியவற்றைக் கொண்டு, இன்னும் சில ஆண்டுகள் கழித்து அவர் எப்படி இருப்பார் என்று கணிக்கவேண்டியிருக்கிறது. ஏறத்தாழ இதே கேள்வியை அந்த அணிகளும் ஆண்டுதோறும் எதிர்கொள்கின்றன. அவர்களுடைய கணிப்பு சரியா தவறா என்பது பத்தாண்டுக்குள் ஊரறியத் தெரிந்துவிடுகிறது என்பதால் அதைக் கற்பது எளிது.

முதலில் முறையைப் பார்ப்போம். நம் நாட்டு ஐ.பி.எல். ஏலத்தில் எந்த அணி அதிக விலை கேட்கிறதோ அதற்கே வீரர் சொந்தம். டிராஃப்டில் பணத்துக்குப் பேச்சே இல்லை, வரிசைதான் எல்லாம். கடந்த பருவத்தில் நலிந்த அணி முன்னும், வென்ற அணி பின்னுமாக வரிசை அமையும். 1963ஆம் ஆண்டு மான்ட்ரியல் நகரில் தொடங்கிய இம்முறை இன்று ஏழு சுற்றுகளாக நடைபெறுகிறது. ஓர் அணி பெயர் சொல்லிவிட்டால், அவ்விளைஞரோடு ஒப்பந்தம் பேசும் உரிமை அந்த அணிக்கு மட்டுமே உண்டு. எந்த ஊரில் ஆடுவது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை அவருக்கு இல்லை. இதை நியாயம் என்று நம்மால் முழுமனத்தோடு சொல்ல இயலவில்லை. எனினும், பணக்கார அணிகளே எல்லா இளைஞர்களையும் வாரிக்கொள்ளாமல் தடுப்பது இம்முறைதான் என்பதையும் மறுப்பதற்கில்லை.

கடைசியில் நின்றால் முதல் தேர்வு கிடைக்கும் என்றால், தோற்பதே இலாபம் என்று ஓர் அணி எண்ணாதா? எண்ணியதாகச் சந்தேகம் எழுந்ததுண்டு. 1993ஆம் ஆண்டு முதல் தேர்வைப் பெற்ற அணி ஒட்டாவா. அது தேர்ந்தெடுத்த அலெக்சாந்தர் டேக் என்னும் இளைஞருக்கு ஐந்தாண்டுக்கு 1 கோடியே 22½ லட்சம் டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. அவர் 616 ஆட்டங்களில் 129 கோல்களோடு நின்றுவிட்டார். அவருக்கு அடுத்து இரண்டாவதாகத் தேர்வான கிறிஸ் பிராங்கர், 2000ஆம் ஆண்டில் லீகின் மிகச் சிறந்த வீரர், மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆகிய இரு விருதுகளையும் ஒருங்கே பெற்றார். இதற்குப்பின் 1995இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. புதியவர்களின் ஊதியத்துக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. முதல் தேர்வுக்குக் குலுக்கல் முறையும் வந்தது.

அந்தக் குலுக்கலின் கணக்கு, வணிகவியல் படித்தவர்களுக்குச் சுவையானது. 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகளில் நான்கை எடுத்தால் 1,001 சேர்க்கைகள் கிடைக்கும். ஒன்றை நீக்கிவிட்டு மீதி ஆயிரத்தை, இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறாத அணிகளுக்கு நலிவுக்கேற்பப் பங்கிடுகிறார்கள். மிகவும் நலிந்த அணிக்குக் கிடைப்பவை 185 சேர்க்கைகள். 2022 முதல், குலுக்கலில் வென்ற அணியும் பத்து இடங்களுக்கு மேல் முன்னேற முடியாது என்று விதித்திருக்கிறார்கள். அதற்கு அப்பாலுள்ள அணியின் எண் விழுந்தால் முதலிடம் கடைசி அணியிடமே தங்கிவிடுவதால், அதன் உண்மையான வாய்ப்பு 25.5 விழுக்காடாகிறது. ஆகவே பருவம் முழுதும் தோற்றாலும், நான்கில் மூன்று பங்கு முதல் தேர்வு கைக்கு வராது.

இனி மதிப்பீட்டுக்கு வருவோம். ஒவ்வோர் அணியும் 'ஸ்கவுட்' எனப்படும் தேடுநர்களை ஊதியம் கொடுத்து வைத்திருக்கிறது. கனடாவின் சிற்றூர் அரங்குகள், சுவீடன், பின்லாந்து, ரஷ்யா என்று குளிர்காலம் முழுவதும் அவர்கள் அலைகிறார்கள். ஒருவரின் பார்வையை மட்டும் நம்பாமல், வேறு வட்டாரத் தேடுநரையும் அனுப்பி அதே இளைஞரைப் பார்க்கச் செய்வது வழக்கம். எங்கள் கிளைகளில் ஒருவர் செய்த கள ஆய்வை இன்னொருவர் சரிபார்ப்பதை ஒத்தது இது. லீகே 1975 முதல் ஒரு மத்தியத் தேடல் அலுவலகம் நடத்தி, தரவரிசைப் பட்டியல் வெளியிடுகிறது. அணிகள் அதைப் படிக்கின்றன; ஆனால் தத்தம் பட்டியலின்படியே தேர்வு செய்கின்றன. பொதுப் பட்டியலை அப்படியே பின்பற்றுவதானால் தேடுநருக்கு ஊதியம் எதற்கு?

டிராஃப்டுக்குச் சில வாரங்களுக்கு முன் உடற்தகுதிச் சோதனையும் நேர்காணலும் நடைபெறும். 2014ஆம் ஆண்டுச் சோதனையில் சாம் பென்னட் என்ற இளைஞரால் கம்பியைப் பிடித்து உடலை ஒரு முறைகூட மேலே இழுக்க முடியவில்லை. நாளேடுகள் அதைப் பெரிதாக எழுதின. அவரை நெடுங்காலம் ஆட்டத்தில் பார்த்திருந்த கால்கரி அணி, அதைப் பொருட்படுத்தாமல் நான்காவதாகத் தேர்ந்தெடுத்தது. பின்னர் புளோரிடா அணிக்கு மாறிய அவர், 2025இல் ஸ்டான்லி கோப்பைப் போட்டியின் மிகச் சிறந்த வீரரானார். பதினெட்டு வயதில் இல்லாத தோள்வலிமை பின்னர் வந்துவிடும். பக் எங்கே வரப்போகிறது என்று முன்னறியும் அறிவு அப்படி வருவதில்லை என்பது தேடுநர்களின் கருத்து. எது பின்னால் சேரும், எது சேராது என்று பிரித்தறிவதுதான் அவர்கள் தொழிலின் நுட்பம் என்று நமக்குத் தோன்றுகிறது.

எண்களிலும் பொறி உண்டு. கனடாவின் இளையோர் லீகில் நூறு புள்ளி எடுத்தவரையும், சுவீடனில் வளர்ந்த ஆண்களோடு மோதி இருபது புள்ளி எடுத்தவரையும் ஒரே தராசில் வைக்க இயலாது. பிறந்த மாதமும் கணக்கில் உண்டு. கனடாவில் சிறுவர் ஹாக்கிக்கு ஜனவரி 1 வயதுக் கெடு. ஆகவே சனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவனாயினும் ஒரே வகுப்பில் ஆடுகிறான். உயரமும் எடையும் கூடுதலாக இருப்பதால் நல்ல பயிற்சியும் நல்ல அணியும் அவனுக்கே கிடைக்கின்றன. டிராஃப்டில் தேர்வானோர் பட்டியலிலும் ஆண்டின் முதற்பகுதியில் பிறந்தோரே மிகுந்திருப்பது ஆய்வாளர்கள் பலமுறை எடுத்துக்காட்டிய செய்தி.

பிறந்த தேதி பற்றிய வேடிக்கை ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். டிராஃப்டுக்குத் தகுதிபெற அவ்வாண்டு செப்டம்பர் 15க்குள் பதினெட்டு நிரம்பவேண்டும். ரஷ்யாவின் அலெக்சாண்டர் ஒவெச்கின் பிறந்தது 1985 செப்டம்பர் 17. இரண்டே நாளில் 2003ஆம் ஆண்டு வாய்ப்பு தவறியது. புளோரிடா அணியினர், லீப் ஆண்டுகளின் கூடுதல் நாட்களையும் சேர்த்தால் அவர் தகுதியுடையவரே என்று வாதிட்டு அவரைத் தேர்ந்தெடுக்க முயன்றனர். ஆண்டுக்கு 365 நாளா, 366 நாளா என்று வட்டிக் கணக்கில் வாதாடும் வாடிக்கையாளர்களை நாங்கள் அறிவோம்; அவர்களில் சிலர் வெல்வதும் உண்டு. இவர்கள் வெல்லவில்லை. மறு ஆண்டு வாஷிங்டன் அவரை முதலாவதாகத் தேர்ந்தெடுத்தது. 2025 ஏப்ரலில் அவர் 895ஆம் கோலை அடித்து, லீகின் கோல் சாதனையைத் தம்முடையதாக்கிக்கொண்டார்.

தேர்வு மேசையில் அமர்ந்தபின் எழும் வினா, அணிக்கு இப்போது தேவைப்படுபவரை எடுப்பதா, இருப்பவர்களில் சிறந்தவரை எடுப்பதா என்பது. பெரும்பாலான இளைஞர்கள் தலைமை அணிக்கு வந்துசேர மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். இன்றைய தேவை அன்று இருக்குமா என்பதே ஐயம். ஆதலால் சிறந்தவரை எடுப்பதே முறை என்பார்கள். நாமும் அவ்வாறே கருதுகிறோம். ஆயினும் தோல்வியில் துவளும் அணியின் மேலாளருக்கு ஐந்தாண்டு பொறுத்திருக்கும் வாய்ப்பை உரிமையாளர்கள் அளிப்பதில்லை.

பொறுமைக்குப் பெயர்பெற்ற அணி டெட்ராய்ட். 1989ஆம் ஆண்டு அது மூன்றாம் சுற்றில், 53ஆவதாக, சுவீடனின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோமைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த சுற்றில் 74ஆவதாக சோவியத் வீரர் செர்கெய் ஃபெடரோவ். சோவியத் நாட்டிலிருந்து வீரர்கள் வெளிவருவார்களா என்பதே உறுதியில்லாத காலம் அது. பிற அணிகள் அந்த இடரைப் பெரிதாகக் கண்டன. டெட்ராய்ட்டோ பின்வரிசைத் தேர்வில் இழப்பதற்கு அதிகமில்லை என்று கண்டது. மறு ஆண்டே ஃபெடரோவ் சோவியத் அணியை விட்டு வெளியேறி அமெரிக்கா சேர்ந்தார். லிட்ஸ்ட்ரோம் அதே அணியில் இருபது பருவங்கள் ஆடி, சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை ஏழு முறை பெற்றார்.

இந்த வெற்றிகளே பின்னர் டெட்ராய்ட்டை வரிசையின் கடைக்குத் தள்ளின. அந்நிலையில் அதற்குக் கைகொடுத்தவர் ஹோகன் ஆண்டர்சன் என்னும் சுவீடன் நாட்டுத் தேடுநர். ரஷ்யாவில் வேறொருவரைப் பார்க்கச் சென்ற இடத்தில், பாவெல் தட்சுக் என்ற மெலிந்த இளைஞர் அவர் கண்ணில் பட்டார். இரண்டு டிராஃப்டுகளில் எல்லா அணிகளாலும் கைவிடப்பட்டவர் அவர். 1998இல் 171ஆவதாக டெட்ராய்ட் அவரைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டு 210ஆவதாக வந்தவர் ஹென்ரிக் செட்டர்பெர்க். 2008ஆம் ஆண்டுக் கோப்பையை வென்ற அணியின் தூண்கள் இவ்விருவரே. தட்சுக்கை அவ்வளவு உறுதியாக நம்பியிருந்தால் 171 வரை காத்திருப்பானேன் என்று கேட்போரும் உண்டு. பிறர் அறியாத ஒன்றை அறிந்தவர் அதற்கு முன்வரிசை விலை கொடுக்கவேண்டியதில்லை என்பது எங்கள் மறுமொழி.

இலக்குக் காவலர்களைப் பொறுத்தவரை எந்தக் கணக்கும் எளிதில் பலிப்பதில்லை. அவர்கள் முதிர்ச்சியடையும் காலம் நீண்டது. 2000ஆம் ஆண்டு நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி, தன்னிடமிருந்த ராபர்டோ லுவாங்கோ என்ற இளம் காவலரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, ரிக் டிபியெட்ரோவை முதலாவதாகத் தேர்ந்தெடுத்தது. அதே டிராஃப்டில் 205ஆவதாக, அதே நகரின் ரேஞ்சர்ஸ் அணி ஹென்ரிக் லுண்ட்க்விஸ்டை எடுத்தது. லுவாங்கோவும் லுண்ட்க்விஸ்டும் பின்னாளில் ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர். டிபியெட்ரோவுக்கு 2006இல் 15 ஆண்டுக்கு 6 கோடியே 75 லட்சம் டாலர் ஒப்பந்தம் அளிக்கப்பட்டது. தொடர்ந்து காயங்கள் அவரை வாட்டின. 2013இல் அணி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. எஞ்சிய தொகையில் மூன்றில் இரு பங்கை, ஆண்டுக்கு 15 லட்சம் டாலர் வீதம் 2029 வரை தவணையாகச் செலுத்திவருகிறது. குறை டிபியெட்ரோவிடம் இருந்ததாக நாம் கருதவில்லை. முதலிடத்தில் தேர்ந்தெடுத்தோம் என்பதாலேயே மேலும் மேலும் முதலிட்டதுதான் இங்கே இழப்பைப் பெருக்கியது.

புதியவர்களின் முதல் ஒப்பந்தத்தில் இதற்கு மாறான நிதானம் இருக்கிறது. பதினெட்டு வயதில் கையெழுத்திடுபவருக்கு மூன்றாண்டு ஒப்பந்தம். ஆனால் 18, 19 வயதில் ஒரு பருவத்தில் பத்து ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடினால் அவ்வாண்டு கணக்கில் சேராது. ஒப்பந்தம் ஓராண்டு தள்ளிப்போகும். எனவே ஒன்பது ஆட்டம் ஆடவிட்டுப் பார்த்து, பக்குவம் போதாதென்றால் இளையோர் அணிக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். திரும்பிச் செல்லும் இளைஞருக்கு அது கசப்பாகத்தான் இருக்கும்.

சுற்றுகளின் எண்ணிக்கையும் பலமுறை மாறியிருக்கிறது. 2004ஆம் ஆண்டு ஒன்பது சுற்றுகள் நடந்தன. அவ்வாண்டு எட்டாம் சுற்றில், 258ஆவதாக, நாஷ்வில் அணி பின்லாந்தின் இலக்குக் காவலர் பெக்கா ரின்னேயைத் தேர்ந்தெடுத்தது. 2018இல் லீகின் சிறந்த காவலர் விருது அவருக்குக் கிடைத்தது. தம் லீக் வாழ்வு முழுவதையும் அந்த ஓர் அணியிலேயே கழித்த அவருடைய 35ஆம் எண்ணை, நாஷ்வில் அணி இப்போது வேறு எவருக்கும் தருவதில்லை. அவர் தேர்வான மறு ஆண்டிலேயே டிராஃப்ட் ஏழு சுற்றுகளாகக் குறைக்கப்பட்டது; அந்த 258ஆம் இடம் இன்று இல்லை.