ரமணாசிரமம் பக்கம் கைவேலை வகுப்பு எடுக்கப் போகிறீர்களா?

சபையிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ ஊழியப் பயணமாகத் திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் ஒரு பெட்டி நிறைய குரோஷா ஊசி, மணி, பளபளப்பு நூல் என்று கொண்டுவருகிறார்கள். வகுப்பு கலகலப்பாக நடக்கும். குழு ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் நூல் தீர்ந்துவிடும். அதே நூல் உள்ளூர்க் கடையில் இருக்காது. கற்றுக்கொண்டதும் அதோடு போச்சு. ஆகவே வந்த அன்றே தேரடி வீதிப் பக்கம் ஒரு சுற்று சுற்றிவாருங்கள். அங்கே வாங்கக்கூடிய வயர், துணி, நூலை வைத்தே பாடத்தை முடிவு செய்யுங்கள்.

நாள் குறிக்கும்போது பௌர்ணமியைத் தவிர்த்துவிடுங்கள். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் அன்று மனிதத் தலைகள்தான். பூ, டீ, சுண்டல் விற்றுப் பெண்கள் நாலு காசு பார்க்கும் நாளும் அதுவே. கார்த்திகை தீபம் நடக்கும் 10 நாளும் வேண்டாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஆசிரமத்தைச் சுற்றி வெளிநாட்டினர் வீடெடுத்துத் தங்குவார்கள். அந்த வீடுகளில் சமையலுக்கும் துப்புரவுக்கும் போகிற பெண்களுக்கு மதியத்துக்கு மேல்தான் ஓய்வு. மாடு வைத்திருப்பவர்கள் சாயந்தரப் பால் நேரத்துக்குள் எழுந்துவிடுவார்கள். எத்தனை மணி தோதுப்படும் என்று அவர்களையே கேட்டுவிடுவது உத்தமம்.

அடி அண்ணாமலை, அத்தியந்தல், ஆடையூர் என எந்த ஊரானாலும் மகளிர் சுய உதவிக் குழுத் தலைவியிடம் முதலில் பேசுங்கள். வயதில் இளையவரானாலும் "வாங்க, உட்காருங்க" என்றே பேசுங்கள். மூத்தவர்களை "அக்கா" என்றும், பாட்டிகளை இந்தப் பக்க வழக்கப்படி "ஆயா" என்றும் கூப்பிட்டால் இறுக்கம் சட்டென்று தளரும்.

முதல் நாள் நீங்கள் எதையும் சொல்லித்தர வேண்டாம். வயர் கூடை பின்னத் தெரிந்த ஒருவராவது அங்கே இருப்பார்; அவரிடம் மாணவியாக உட்காருங்கள். வெட்டிய வயர்களை இரண்டாக மடித்து, மடிப்பு ஒவ்வொன்றையும் ஓடு வயரோடு முடிச்சுப் போட்டு வரிசையாகச் சேர்ப்பார். அந்த முதல் வரிசையின் நீளம்தான் கூடையின் நீளம். வரிசை வரிசையாக அடிப்பாகம் அகன்றதும் மூலை திருப்பி மேலே ஏற்ற வேண்டும். புதிதாகப் பின்னுகிறவர்களுக்கு முடிச்சு தளர்ந்துவிடும், விரல் நுனி சிவந்துவிடும். பார்த்துக்கொண்டிருக்கும் அக்கா உங்கள் கையிலிருந்து வயரை வாங்கி ஒரே இழுப்பில் இறுக்கிக் கொடுப்பார். வகுப்பு உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. மறுநாள் நீங்கள் துணிப்பை தைக்கவோ குரோஷா போடவோ சொல்லித்தரும்போது அவர்கள் கூச்சமில்லாமல் கேள்வி கேட்பார்கள். ஒரே அமர்வில் முடிகிற செல்போன் பை மாதிரிச் சின்னப் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். பாதியில் நின்ற பெரிய பொருள் பரண்மேல் போய்விடும்.

நம் மண்ணில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820களில் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தைக் கொண்டு அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. அவருடைய மகள் எலைசா, மிஷனரி ராபர்ட் கால்டுவெல்லை 1844இல் மணந்து இடையன்குடிக்குப் போனார். அங்கும் லேஸ் வேலை வேரூன்றியது. தாயும் மகளும் ஆண்டுக்கணக்கில் கூடவே வாழ்ந்து சொல்லித்தந்தார்கள். ஒரு வாரம் வருகிற நம்மால் அதைச் செய்ய முடியாது. செய்யக்கூடியது, அங்கே ஏற்கெனவே இருக்கும் கையோடு கை சேர்ப்பது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வகுப்புக்கு வந்தால் பிரசங்கமும் கேட்டாக வேண்டும் என்று முடிச்சுப் போடாதீர்கள். மலையைச் சாமியாகக் கும்பிடும் ஊர் இது. விசுவாசத்தைப் பற்றி அவர்களே கேட்டால் மனம்விட்டுப் பேசுங்கள். நூலையும் ஊசியையும் அதற்குக் கூலியாக்கக் கூடாது. உங்கள் குழுவில் வெளிநாட்டவர் இருந்தால் சுற்றுலா விசாவில் மதப் பிரசாரத்துக்கு அனுமதியில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பொருள் கைக்கு வந்ததும் விலைக் கணக்குப் போடுங்கள். வயர் விலையை மட்டும் வைத்துக் கூடைக்கு விலை சொல்வது பலருடைய பழக்கம். உட்கார்ந்து பின்னிய நேரம் கணக்கிலேயே வராது. ஒரு நோட்டில் பொருட்செலவை ஒரு பக்கமும் வேலை நேரத்துக்கான கூலியை மறுபக்கமும் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருப்பதால் துணிப்பைக்கும் வயர் கூடைக்கும் கேட்பவர்கள் உண்டு. ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு யோகா பாய் செருகும் நீளப் பை பிடிக்கும். செங்கம் சாலைக் கடைகளுக்கு மாதிரியோடு குழுத் தலைவியை அழைத்துப் போங்கள். பேரத்தை அவரே பேசட்டும்.

படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். கிளம்பும்போது கத்தரிக்கோலையும் மிஞ்சிய நூலையும் மகளிர் குழுவின் பேரில் எழுதி ஒப்படைத்துவிட்டு, எந்தக் கடையில் எந்த வயர், கட்டு என்ன விலை என்ற விவரத்தைத் தமிழில் எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.