பிங் போகிறது, ஃபைல் போகவில்லையா?

ஒரு கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேர் மூலம் உருவாக்கும் இன்னொரு கம்ப்யூட்டரே வெர்ச்சுவல் மெஷின். அதைத் தாங்கும் நிஜக் கம்ப்யூட்டர் ஹோஸ்ட். இரண்டு ஹோஸ்ட்களில் உள்ள மெஷின்களை ஒரே நெட்வொர்க்கில் இருப்பதுபோல் இணைப்பது ஓவர்லே. கிளவுட் நிறுவனங்களின் உத்தி இது. இப்போது வீட்டிலும் செய்து பார்க்கிறார்கள். கோவை மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் சந்தேகம்: "பிங் செய்தால் பதில் வருகிறது, ஃபைல் காப்பி மட்டும் பாதியில் நிற்கிறதே, ஏனுங்க?"

கேபிளைக் கழற்ற வேண்டாம். 2014ல் வெளியான விஎக்ஸ்லேன் முறை, ஒவ்வொரு பாக்கெட்டையும் இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்புகிறது. திருப்பூர் பனியன் பண்டலை அட்டைப்பெட்டியில் போட்டால் அளவு கூடும் அல்லவா? இங்கே 50 பைட் கூடும். நெட்வொர்க் ஏற்கும் உச்ச அளவு (எம்டியு) வழக்கமாக 1500. முழு பாக்கெட் 1550 ஆகி வழியிலேயே தொலைகிறது. விண்டோஸ் பிங் 32 பைட்தான் அனுப்பும், அதனால் தப்பிவிடுகிறது.

விண்டோஸ் மெஷினில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பிங், மைனஸ் எஃப், மைனஸ் எல், 1472, எதிர் மெஷினின் ஐபி முகவரி என இடைவெளி விட்டு, சிறிய ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். பதில் வராமல், 1472க்குப் பதில் 1422 கொடுக்கும்போது வந்தால், கோளாறு எம்டியுவில்தான். இரு மெஷின்களிலும் எம்டியுவை 1450 ஆக்குங்கள். ஹோஸ்ட் பக்கம் அளவைக் கூட்டுவதும் வழிதான். வீட்டு ஸ்விட்ச் ஏற்குமா என்பது சந்தேகம், ஆகவே குறைப்பதையே நான் சொல்வேன்.

ஹோஸ்ட்களை பிபிபிஓஇ பிராட்பேண்ட் வழியே இணைத்தால் மேலும் 8 போகும்: 1442.

சாதாரண பிங்கே போகவில்லையா? ஹோஸ்டின் ஃபயர்வாலில் யுடிபி 4789 போர்ட் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.