மருங்காபுரியிலிருந்து சென்னைக்கு: ஏரியா அறிய, இரவு மெட்ரோவில் போக

வேலைக்கோ படிப்புக்கோ முதல்முறை சென்னை போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

● திருச்சி வழியாகப் போகும் பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். அங்கே மெட்ரோ இல்லை. மாநகரப் பஸ் பிடித்து விமான நிலையம் வந்தால் நீல வழித்தடம் கிடைக்கும்.

● "தி.நகர் பக்கம்தான்" என்று வாடகை வீட்டுப் புரோக்கர் சொன்னால் பின்கோடு கேளுங்கள். 600017 என்றால் தி.நகர்; 600033 என்றால் மேற்கு மாம்பலம். நடுவில் ஓடும் ரயில் தண்டவாளம்தான் எல்லை. வாடகையும் அதற்கேற்ப மாறும்.

● வீடு எந்தப் போலீஸ் ஸ்டேஷன் எல்லையில் வருகிறது என்று பக்கத்துக் கடையில் கேட்டு வையுங்கள். பகலில் ஒருமுறை, இரவு ஒன்பதுக்கு மேல் ஒருமுறை தெருவை நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

● கோயம்பேடு வேறு, சிஎம்பிடி (பேருந்து நிலையம்) வேறு; இரண்டும் தனித்தனி மெட்ரோ நிலையங்கள். பெயரைக் கவனித்து இறங்குங்கள்.

● மெட்ரோ இரவு 11 மணி வாக்கில் முடிந்துவிடும். கடைசி வண்டி நேரத்தை முன்பே விசாரியுங்கள். பெண்களுக்கென ஒதுக்கிய பெட்டியில் ஏறலாம்.

● நிலையத்துக்கு நாலைந்து வாசல் இருக்கும். வீட்டுக்குப் போகும் வாசல் எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். தவறான வாசலில் வெளியேறினால், அகலச் சாலைக்கு அந்தப் பக்கம் இருட்டில் நிற்க வேண்டிவரும்.

● அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181.