மைசூர் வெயிலும் சயனோடைப் தாளும்

கேள்வி: மைசூரில் மொட்டைமாடியில் சயனோடைப் அச்சிடுகிறேன். ஏப்ரலில் ஐந்தே நிமிடத்தில் ஏறிய நீலம், ஜூலையில் இருபது நிமிடம் வைத்தாலும் ஏறவில்லை. யுவி மீட்டர் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கடையில் விற்கும் யுவி இண்டெக்ஸ் மீட்டர் தோல் கன்றுவதைக் கணக்கிடுவது. 300 நானோமீட்டரை ஒட்டிய கதிர்களுக்கே அது அதிக மதிப்புத் தரும். உங்கள் தாளில் உள்ள ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் வினைபுரிவதோ பெரும்பாலும் 320 முதல் 400 வரை. போனில் உள்ள லைட் மீட்டருக்குப் புற ஊதாவே தெரியாது.

சூரியன் மேலும் பழி போடாதீர்கள். மைசூருக்கு நேர் உச்சியில் அது வருவது ஏப்ரல் 22, ஆகஸ்ட் 20 வாக்கில். ஜூலை நடுவிலும் நண்பகலில் உச்சியைவிட்டு ஒன்பது டிகிரிதான் விலகியிருக்கும். மாறியது மேகமும் தாளின் ஈரமும். பூசிய தாளை எப்போதும் ஒரே அளவுக்கு உலர்த்துங்கள். அன்றன்றே அச்சிட்டு முடியுங்கள்.

அளக்க வேண்டியது தாளை. படிப்படியாக அடர்த்தி கூடும் ஃபிலிம் பட்டையான 21 படி ஸ்டெப் டேப்லெட் ஒன்று வாங்குங்கள். இன்க்ஜெட் ஃபிலிமில் நீங்களே அச்சிட்ட பட்டை உதவாது. கண்ணுக்குச் சாம்பலாகத் தெரியும் மை புற ஊதாவை எவ்வளவு மறைக்கிறது என்பது வேறு கணக்கு. டேப்லெட்டில் படிக்குப் படி அடர்த்தி 0.15 கூடும், இரண்டு படி ஏறினால் ஒளி பாதியாகும். அதைத் தாள்மேல் வைத்து 16 நிமிடம் வெயில் காட்டி, கழுவி, ஒரு நாள் ஆறவிடுங்கள். சயனோடைப் நீலம் காற்றுபட்டுத்தான் முழுதாக ஆழும், அவசரப்பட்டுப் படிக்காதீர்கள். முதல் ஐந்து படிகளும் வேறுபாடின்றி ஒரே நீலமாக இருந்தால் நான்கு படி மிகை. அதாவது நான்கு மடங்கு. அன்றைய வெயிலுக்கு 4 நிமிடமே போதும். முழு நீலத்திலிருந்து வெள்ளைத் தாள்வரை எத்தனை படி என்று எண்ணி 0.15ஆல் பெருக்கினால் நெகட்டிவுக்கு வேண்டிய அடர்த்தி வீச்சு கிடைக்கும்.

சயனோடைப்பையும் உப்புத் தாளையும் ஒப்பிடுவதானால் இரண்டையும் நீளவாக்கில் ஒட்டவைத்து, ஒரே டேப்லெட்டின் கீழ் ஒரே நேரத்தில் காட்டுங்கள். மேகம் வந்தாலும் இரண்டுக்கும் பொது. மங்கலாகத் தெரியும் கடைசிப் படி ஒன்றில் இரண்டு படி தள்ளி இருந்தால், அதன் வேகம் இரு மடங்கு.

1854 டிசம்பரில் பேலூரையும் ஹளேபீடையும் படம்பிடித்த லின்னேயஸ் டிரைப்பின் தலைமுறைக்கு வெயில் நேரத்தைக் கணிக்கும் தொல்லை குறைவு. உப்புத் தாளில் படம் வெயிலிலேயே கறுத்து வரும். ஃபிரேமின் பின்கதவை ஒரு பாதி திறந்து பார்த்துக்கொண்டார்கள். உங்கள் ஃபிரேமிலும் அப்படிக் கதவு இருந்தால் பாருங்கள்: நிழல் பகுதிகள் நீலம் கடந்து சாம்பல் பூத்ததும் எடுக்கலாம்.